ஜன்னலுக்கு ஒட்டிய பிலிமும் பிரீனாவுக்கு வந்த மாப்பிள்ளையும்

பூதப்பாண்டி,
சனிக்கிழமை.

அன்புத் தங்கை ஜெபகுமாரிக்கு,

அண்ணன் தங்கையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அண்ணி தேவகனியும் மகள் பிரீனாவும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் பிரைட்டன் மச்சானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வீட்டு ஜன்னலுக்கு எந்த பிலிம் ஒட்டலாம் என்று கேட்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

வாழைக்குலை வியாபாரத்தில் முப்பது வருஷம் ஆகிறது. நகத்தால் கீறிப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. நம் வீட்டுக்கு பிலிம் எடுக்கப் போய், நாகர்கோவில் கடையில் கீறியே நாலு சாம்பிளைக் கெடுத்தேன். கறுப்பு பிலிம் ஒட்டினால் வீடு இருட்டு. பனி படிந்தாற்போல் வெள்ளையாக ஒன்று உண்டு. அதை முன்பக்கம் ஒட்டினால் வருகிறவன் குளியலறை என்று திரும்பிப் போய்விடுவான். கனத்த பாதுகாப்பு பிலிம் கொள்ளாம், நல்ல உறுதி. அது ஒட்டிய கண்ணாடியில் தேங்காயை ஓங்கி எறிந்தேன். கண்ணாடி நொறுங்கியும் ஒரு சில்லு உதிரவில்லை, கடைக்காரர் முகம்தான் உதிர்ந்தது. அதைப் பின்ஜன்னலுக்கு எடுத்தேன். முன்ஜன்னலுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான பிலிம்: வெளியே நிற்பவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும், உள்ளே நிற்கும் நமக்கு அவன் முழுசாகத் தெரிவான்.

அதன் அருமை இன்று மத்தியானம் தெரிந்தது. பத்மநாபபுரத்திலிருந்து பிரீனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த மூன்று பேரும் பரீட்சைக்குப் படித்ததுபோல் பேசினார்கள் என்று தட்டிவிட்டாள். இதுவும் சரிவராவிட்டால் இனி யாரையும் கூட்டிவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை அனிஷ், மாட்டு டாக்டர். வாசல் மணியை அடிப்பதற்கு முன் நேரே ஜன்னலுக்கு வந்து தலை சீவினான், பல்லைப் பார்த்தான். நாங்கள் மூவரும் உள்ளே ஒரு சாண் தூரத்தில் மூச்சைப் பிடித்து நின்றோம். "எனக்கு நெறைய புஸ்தகம் வாசிக்க இஷ்டம்" என்று கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தவன் நிறுத்தி, தன்னையே முறைத்து, "ஏலே, பொய்யி சொல்லாத. மாட்டுக்கு ஊசி போடுகது தவிர ஒனக்கு என்ன தெரியும்?" என்றான். பிரீனா வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இவரு போதும்" என்றாள்.

பின்னாலேயே அவன் அப்பா வந்து மீசையை நீவி, பெண்ணின் தகப்பன் ரொம்பப் பேசுவாராம், நீ தலையை மட்டும் ஆட்டு என்று மகனுக்குப் புத்தி சொன்னார். உள்ளே நான் தலையை ஆட்டினேன். சம்மதம் பேசி, ஜெபம் பண்ணி, காப்பி குடித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் விடைபெற்றார்கள்.

ஆகவே யோசிக்காமல் இதையே ஒட்டு. திருடன், அயல்வீட்டுக்காரர், மாப்பிள்ளை எல்லாரையும் இது சமாளிக்கும். ஆண்டவர் உங்கள் வீட்டு வேலையைக் குறைவில்லாமல் முடித்துத் தருவாராக.

அன்புடன்,
அண்ணன் தங்கையன்.

பி.கு. (ஞாயிறு): மேலே எழுதியதை அடித்துவிடு. கனத்த திரைத்துணி வாங்கிப் போடு. வெளியே வெளிச்சம் இருக்கும்வரைதான் அந்த பிலிமுக்கு வேலையாம்; இருட்டிய பிறகு உள்ளே லைட்டைப் போட்டால் எல்லாம் தலைகீழ். கடைக்காரர் சொல்லியிருப்பார், நான் கேட்டிருக்க மாட்டேன். நேற்று அவர்கள் இறங்கியதும் லைட்டைப் போட்டு, சந்தோஷத்தில் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா நடப்பதுபோல் மூன்று தடவை ஹாலைச் சுற்றினேன். அண்ணியும் பிரீனாவும் சிரித்து உருண்டார்கள். கார் ஸ்டார்ட் ஆகாமல் அந்தக் குடும்பம் முழுவதும் தெருவில்தான் நின்றிருக்கிறது. இன்று காலை அவரே போன் செய்தார். கல்யாணம் போச்சு என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "சம்மந்தி, நடக்கும்போ எனக்கு எடது தோளாக்கும் சரியும். நீங்க வலதச் சரிச்சிட்டீங்க. நிச்சயத்துக்கு முன்னால ஒருதடவ வீட்டுக்கு வாங்க, நடந்து காட்டுகேன்" என்றார்.