சட்டம் அண்ணையின் காலி லாரி

ஜெர்மனியில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால், சட்டம் எதிரே வந்தால் நடைபாதையை விட்டு இறங்கி வழிவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் சட்டம் அண்ணைதான். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கார்ல்ஸ்ரூஹே சுற்றுவட்டாரத்தில் அதை அறிந்தவர்கள் அவருடைய மனைவி செல்வியக்காவும் ஜெர்மன் அரசாங்கமும் மட்டுமே. அக்கா அதைச் சொல்வதில்லை. அரசாங்கத்துக்கு உச்சரிக்க வருவதில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். பேக்கரி ஒன்றில் மாவு பிசையும் வேலை. ஒல்லியான உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் வாங்கியிருந்த சொத்து, ஐந்து டன் சுமக்கக்கூடிய பழைய ராணுவ லாரி. பாசிப் பச்சை நிறம். சக்கரம் என் நெஞ்சு உயரம் (என் உயரத்தைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்). அண்ணை ஏறி உட்கார்ந்தால் ஓட்டுநர் இல்லாமலே வண்டி போவதுபோல் இருக்கும்.

அதில் சிவப்பு நம்பர் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அங்கேதான் சட்டம் வருகிறது. முப்பது வயது தாண்டிய வண்டிகளை இந்த நாடு பழம்பொருளாக மதித்து இப்படி ஒரு பலகை கொடுத்து, வரியிலும் காப்பீட்டிலும் சலுகை காட்டுகிறது. பதிலுக்கு நிபந்தனை உண்டு. பழைய வண்டிகள் கூடும் கண்காட்சிக்குப் போகலாம். பழுது பார்க்கப் போகலாம். பழுது பார்த்தது சரிதானா என்று ஒரு சோதனை ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம். அத்தோடு சரி. சாமான் சட்டி ஏற்றக் கூடாது. ஏற்றிப் பிடிபட்டால் பலகை போய்விடும். பலகை போனால் சாதாரண லாரிக்கான செலவைப் பேக்கரிச் சம்பளம் தாங்காது. லாரியை விற்க வேண்டியதுதான். அண்ணையின் உலகத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறு கிடையாது.

இந்த விவரம் தெரியாமல்தான் நான் முதன்முதலில் அவரிடம் போனேன். நான் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் பொட்டி தட்டும் உத்தியோகம். வீடு மாற்ற வேண்டியிருந்தது. புது வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள்.

"அண்ணே, உங்க லாரியை ஒரு ஹாஃப் டே குடுத்தீங்கன்னா..."

"தம்பி, சிறுநீரகம் கேளுங்கோ, தாறன். லொறி ஏலாது."

"யாருண்ணே பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பன்."

மறுநாள் காலை, கதவைத் திறந்தால், வாசலில் அண்ணை. சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கர இழுவண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் மொத்த வீட்டுச் சாமானையும் சைக்கிளில் இழுத்து, புத்தகப் பெட்டிகளைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏற்றியவர் அவர்தான். நான் மேஜை விளக்கு ஒன்றை மிகுந்த பொறுப்போடு பின்னால் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"தம்பி, இந்தப் புத்தகமெல்லாம் வாசிச்சிட்டீங்களோ?"

"ஒரு பாதி படிச்சிருப்பேன்ணே."

"அப்ப அந்தப் பாதியை ஏன் இன்னும் காவுறீங்கள்?"

பல வருடமாக யோசிக்கிறேன்.

இப்படித்தான் ஊரிலுள்ள அத்தனை பேரின் சோபாவும் குளிர்பெட்டியும் சைக்கிளில் போயின. செல்வியக்கா வாய்விட்டே சொல்வார்: "இந்தாளை நான் கலியாணம் கட்டேக்க ஒரு சைக்கிள்தான் இருந்தது. இப்ப லொறியும் இருக்கு. உழைக்கிறது இன்னும் சைக்கிள்தான்."

கோடையில், வடக்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு மோர் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் கூட்டம் முடிவு செய்தபோது, எல்லாருடைய கண்ணும் லாரியின் மேல்தான். அண்ணை முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஆனால் தேரன்று பார்த்தால், மடியில் ஒரு மோர்ப் பானை, காலுக்கிடையில் இன்னொன்று என்று ரயிலில் வந்து இறங்குகிறார். வழியில் ரயில் மாறிய இடங்களிலெல்லாம் கொஞ்சம் சிந்தியிருந்தது. எந்த ஸ்டேஷனில் எவ்வளவு சிந்தியது என்று வருத்தத்தோடு கணக்குச் சொன்னார்.

ஒருமுறை கண்காட்சிக்குப் போகும்போது என்னையும் அழைத்தார். லாரியில் ஏறப் போனேன். கையில், வழியில் வாங்கிய அரிசி மூட்டை.

"அதென்ன?"

"அரிசிண்ணே. பத்து கிலோ."

"அரிசியோட ஏறேலாது. அது சரக்கு."

"அப்ப நான்?"

"நீங்கள் பயணி."

"வெயிட்டைப் பாத்தா நான்தாண்ணே சரக்கு."

"உண்மைதான். ஆனால் சட்டம் உங்களை மனுசரெண்டு நம்புது. கெடுக்காதையுங்கோ." மூட்டை வீட்டுக்குத் திரும்பியது. என் மனைவி கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலத்தையும் அண்ணை வெகுநேரம் பார்த்தார். "இது வெளியில இருந்தால் கேள்வி வரும். உள்ளுக்க போட்டால் வராது," என்றார். வீதியோரத்தில் நின்றே இருவரும் வடையை உள்ளே போட்டோம்.

அன்றைக்கென்று போலீஸ் நிறுத்தியது. இளவயதுப் போலீஸ் பெண். பின்பக்கம் ஏறிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய லாரியில் ஒரே ஒரு துடைப்பம்.

"இது எதற்கு?"

"மரத்திலிருந்து இலை விழும்," என்று அண்ணை சுத்தமான ஜெர்மனில் விளக்கினார். "இலையும் ஒரு வகைச் சரக்குதானே. அதனால் நின்று நின்று கூட்டுவேன்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மீசையில் வடைத்தூள் இருந்தது. சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த லாரி நின்ற இடம், பக்கத்துக் கிராமத்தில் ஃப்ரௌ லிண்ட்னர் (ஃப்ரௌ என்றால் திருமதி) என்ற கிழவியின் கொட்டகை. தனியாக இருந்தார். அண்ணை வாரம் ஒரு நாள் லாரியைத் துடைக்கப் போவார். அவர் துடைக்க, அந்த அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். இருவரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அண்ணை பேக்கரியிலிருந்து ரொட்டி கொண்டுபோவார், சைக்கிளில். அந்த அம்மாள் ஆப்பிள் கொடுப்பார். அதுவும் சைக்கிளில்தான் வரும்.

போன வருடம் அந்த அம்மாளுக்குக் கால் முடியாமல் போயிற்று. அடுத்த ஊர் முதியோர் இல்லத்தில் அறை கிடைத்தது. அவர் கூடக் கொண்டுபோக விரும்பியது ஒன்றே ஒன்று, தாயார் வழி வந்த பழைய மர அலமாரி. ஒரு சனிக்கிழமை குடிபோவது என்று ஏற்பாடு. சாமான் ஏற்ற வரவேண்டியவர்கள் காலையில் போன் செய்து வர முடியாது என்றுவிட்டார்கள். நீண்ட விடுமுறை வாரம், வாடகைக்கு ஒரு வேன் இல்லை. அன்றைக்குள் அறையை எடுக்காவிட்டால் அது அடுத்தவருக்கு. அந்த அம்மாளின் அண்ணன் மகன், நல்ல மனிதர்தான், பொறுமை தீர்ந்து சொல்லிவிட்டார்: அலமாரி கிடக்கட்டும், திங்கட்கிழமை பெருங்குப்பை வண்டியில் போட்டுவிடலாம்.

ஃப்ரௌ லிண்ட்னர் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரி வந்தால் நானும் வருகிறேன், வராவிட்டால் நான் இங்கேயே இருக்கிறேன் என்றார்.

நானும் அண்ணையும் உதவிக்குப் போய் அங்கே நின்றிருந்தோம். அண்ணன் மகன் கொட்டகையைக் கை காட்டினார். "ஐந்து டன் லாரி ஒன்று அங்கே நிற்கிறது. காலியாக!"

எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம். நான் மெதுவாக, "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள்..." என்றேன்.

அண்ணை கொட்டகைக்குப் போனார். ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்க ஆயத்தமானேன். வண்டி கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

"பலகை போயிடும்னுதானே அண்ணே?"

"பலகை போனால் போகட்டுமெண்டுதான் தம்பி ஏறினனான்." கையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினார். "திறப்பைப் போட்டாப் பிறகுதான் யோசிச்சன். அந்தம்மா சின்னப்பிள்ளையில, சண்டைக் காலத்தில, றோட்டால ஆமி லொறி போனால் அந்த அலுமாரிக்குள்ளதான் ஒளிக்கிறவவாம். லொறி வந்த முதல் நாள் எனக்குச் சொன்னவ. நான் ஊரில பனங்கூடலுக்குள்ள ஒளிச்சனான். எந்த நாட்டு லொறியெண்டாலும் சத்தம் ஒண்டுதான். இப்ப இந்தச் சத்தத்தின்ர திறப்பு என்ர கையில. நான் நிப்பாட்டினால் நிக்கும். அதுக்காகத்தான் வாங்கினனான். அந்த அலுமாரியைக் கொண்டுபோய் ஆமி லொறியில ஏத்துறதோ? ஏலாது."

பிறகு கையைத் தட்டினார். "சைக்கிளை எடுங்கோ."

அந்தக் காலத்து அலமாரியில் ஆணி கிடையாது. மர ஆப்புகளைத் தட்டினால் கதவு, பக்கப்பலகை, தலைப்பலகை என்று பிரிந்துவிடும். அண்ணை பிரித்தார். நான் ஆப்புகளைப் பையில் போட்டேன். முதல் நடை கிளம்பியபோது ஃப்ரௌ லிண்ட்னர் காரில் ஏறினார். ஆனால் அண்ணன் மகனிடம் ஒரு நிபந்தனை: சைக்கிளை முந்தக் கூடாது. வயல்களுக்கு நடுவே ஊர்வலம் போயிற்று. முன்னால் அண்ணை, பின்னால் இழுவண்டியில் பூ வரைந்த அலமாரிக் கதவு, அதன் பின்னால் நடை வேகத்தில் கார், காருக்குப் பின்னால் இரண்டு டிராக்டர்கள். ஜெர்மானியர்கள் ஹாரன் அடிப்பதில்லை. விளக்கைச் சிமிட்டினார்கள். நான் ஆப்புப் பையோடு ஓடிவந்தேன். சாயங்காலத்துக்குள் அலமாரி முழுதாகப் புது அறையில் நின்றது. ஃப்ரௌ லிண்ட்னர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார், அப்புறம்தான் கோட்டைக் கழற்றினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த அம்மாள் போனில் அண்ணையிடம் ஒன்று சொல்லிவிட்டார். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ரொம்ப அமைதி. உன் லாரிச் சத்தம் கேட்கவில்லை. நீ ஓட்டினால் எனக்கு அது பயமில்லை.

இப்போது அண்ணைக்குப் புதுச் சிக்கல். ஒரு கிழவிக்குச் சத்தம் கேட்கச் செய்வதற்காக லாரி ஓட்டலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அண்ணைக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று செல்வியக்கா எனக்குப் போன் செய்தார். அண்ணையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்கண்ணே, சோதனை ஓட்டம்னு சொல்லிக்கலாம்," என்றேன்.

"சோதனை ஓட்டமெண்டால் பழுது பாத்திருக்க வேணும். பழுது பாக்காமல் சோதிச்சால் அது பொய்."

அவரே வழியும் கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் காலையில் கொட்டகைக்குப் போகிறார். கொட்டகையை லாரிக்கென்றே விட்டுவைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறார். லாரியில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுக்கிறார். உண்மையாகவே கழற்றுகிறார். துடைத்து, எண்ணெய் போட்டு, உண்மையாகவே மாட்டுகிறார். மாட்டியது சரிதானா என்று பார்க்க வேண்டியது இப்போது சட்டப்படி அவருடைய கடமை. அந்தக் கடமை ஒவ்வொரு வாரமும் வயல்வழியே முதியோர் இல்லத்துப் பக்கம்தான் போகிறது.

நேற்று அவரோடு போயிருந்தேன், கையில் ஒன்றுமில்லாமல். இரண்டாவது மாடி ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. ஃப்ரௌ லிண்ட்னர் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கீழே நின்ற நர்ஸ் சொன்னாள். அண்ணை ஜன்னலுக்குக் கீழே வந்து இன்ஜினை நிறுத்தினார். சத்தம் நின்றது. மேலே ஒரு கை அசைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி கை அசைந்தது.

"வண்டி எப்படிண்ணே?" என்றேன்.

அண்ணை காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். "இன்னும் ஏதோ ஒரு சின்னப் பிழை இருக்குத் தம்பி. அடுத்த சனிக்கும் பாக்க வேணும்."

எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும், அந்த லாரி ஒருநாளும் முழுதாகச் சரியாகிவிடக் கூடாது என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.