பாஷ்முஹந்திஸின் முப்பது நாள் சோதனை

மனிதர்களில் வாங்குபவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: வாங்கப் போகிறவர்கள். இவர்கள் எப்போதும் வாங்கப் போகிறார்கள். கடைக்காரர் கடையை மகனுக்கு எழுதிவைத்து, மகன் அதை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோன பிறகும், இவர்கள் அதே பொருளை வாங்கப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். செருப்பு, மிக்ஸி, மாப்பிள்ளை என்று எல்லாத் துறையிலும் இந்த இனம் பரவியிருந்தாலும், அதன் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் எகிப்தில், தன்தா ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், பாஷ்முஹந்திஸ் ஷௌகத் வீட்டுப் படியேற வேண்டும். பாஷ்முஹந்திஸ் என்றால் பொறியாளர் ஐயா. அவருடைய மனைவி இன்ஷிராஹ்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும். இப்போதெல்லாம் அப்படி மட்டும்தான் கூப்பிடுகிறாள்.

ஷௌகத்துக்கு நீர்வாரியத்தில் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து, முலூக்கியா கீரையும் சோறும் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, ஒரு கிளாஸ் கறுப்புத் தேநீரோடு கணினி முன் உட்காருவார். வீடு ஒரே தளம். மொட்டைமாடியில் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் மேல் எழும்ப வேண்டியது மகன் ஹைஸமின் வீடு. அந்த ஊரில் பையனுக்கு வீடில்லாமல் கல்யாணமில்லை. நிவீன் என்ற பெண்ணோடு நிச்சயமாகி, அவள் விரலில் மோதிரமும் கையில் வளையலும் ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டது. பணம் தயார். செங்கல் சொல்லியாகிவிட்டது. கொத்தனார் அவ்வப்போது வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். இல்லாதது ஒன்றுதான், வரைபடம். வேறு யாரிடமாவது கொடுத்து வரையக் கூடாதா என்கிறீர்களா? பொறியாளர் வீட்டுக்கு இன்னொரு பொறியாளர் வரைபடம் போட்டால் தன்தா சிரிக்காதா? கையால் வரையலாமே என்கிறீர்களா? நகராட்சி கணினிக் கோப்பைத்தான் வாங்குகிறது.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கும் அந்தப் பெரிய வரைபட மென்பொருளின் திருட்டுப் பிரதி, நிலையத்தடியில் குறுந்தகடு விற்பவனிடம் ஒரு தட்டு கொஷரிச் சோற்றைவிட மலிவாகக் கிடைத்தது. அதை வைத்துத்தான் அவர் பாதித் தன்தாவை வரைந்தார். பிறகு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போனார். கஅபாவின் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதவர், இனித் திருட்டுப் பொருளைத் தொடுவதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். ஊர் திரும்பியதும், கொண்டுவந்த ஸம்ஸம் புனித நீரைப் பங்குவைப்பதற்கு முன்பே அந்த மென்பொருளை அழித்தார். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஹைஸம் மட்டும் மெல்லக் கேட்டான்.

"பாபா, என் வீட்டு ப்ளானை முடிச்சுட்டு உம்ரா போயிருக்கக் கூடாதா?"

"அந்த வீட்ல நீ தொழப்போறியா இல்லையா? திருட்டு சாஃப்ட்வேர்ல வரைஞ்ச சுவத்துக்குள்ள தொழுகை எப்படிடா கூடும்?"

பாதித் தன்தா அப்படிப்பட்ட சுவர்களுக்குள்தான் தொழுதுகொண்டிருக்கிறது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

சரி, காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்றால், அந்தப் பெரிய மென்பொருளை இப்போது யாரும் விற்பதில்லை, வருட வாடகைக்கு விடுகிறார்கள். அதுவும் டாலரில். தொகையை எகிப்தியப் பவுண்டில் போட்டுப் பார்த்த ஷௌகத், இன்ஷிராஹிடம் ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாறு கேட்டார். அன்று தொடங்கியதுதான் மாற்று தேடும் படலம்.

"விலை குறைவா இருக்கணும், நம்பகமா இருக்கணும். நான் கேக்கறது இவ்ளோதான்," என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடம். இவ்ளோதான் என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

மாற்றுக்கு உலகத்தில் பஞ்சமா? ஒரேயடியாகக் காசு கட்டினால் ஆயுசுக்கும் உங்களுடையது என்று ஒன்று. தன்னார்வலர்கள் கூடி எழுதி ஊருக்கே இலவசமாகக் கொடுத்தது ஒன்று. பெரியதைப் போலவே முகமும் அதே கட்டளைகளும் வைத்துக்கொண்டு, விலையில் மட்டும் அடக்கமாக நடந்துகொள்ளும் ஒன்று. கணினியில் ஏற்றவே வேண்டாம், இணையத்திலேயே வரையலாம் என்று ஒன்று. எதை எடுத்திருந்தாலும் ஒரு சாதாரண வீட்டை வரைந்திருக்கலாம். ஆனால் ஷௌகத்தின் நியாயங்களைக் கேளுங்கள். விலை வைத்திருந்தால், இலவசமாக ஒன்று கிடைக்கும்போது இதற்கு எதற்குக் காசு? இலவசமாக இருந்தால், நாளைக்குக் கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது? பழைய கோப்பைத் திறக்கவில்லையென்றால் உதவாது. திறந்துவிட்டால், எப்படித் திறந்தது, உள்ளே ஏதாவது களவு இருக்குமோ? புதிய பதிப்பு வராவிட்டால் கம்பெனி செத்துவிட்டது. அடிக்கடி வந்தால் சரக்கு இன்னும் பழுக்கவில்லை.

ஆகவே சோதித்துப் பார்த்துத்தான் முடிவு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் முப்பது நாள் இலவசச் சோதனைக் காலம் உண்டல்லவா, அதுதான் அவருக்குத் தொட்டில். இலவசமானதற்கும் அதே முப்பது நாளைத் தாமாகவே விதித்துக்கொண்டார், நீதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. முதல் நாள் உற்சாகமாக ஹைஸமின் வீட்டை ஆரம்பிப்பார். விருந்தாளிகளுக்கான வரவேற்பறைதான் முதலில். தங்கமுலாம் சோபா எங்கே, கண்ணாடி அலமாரி எங்கே என்பதுவரை வரைவார். சமையலறையின் ஜன்னலுக்கு வரும்போது சோதனைக் காலம் முடிந்துவிடும். அடுத்த மென்பொருள். மறுபடி வரவேற்பறை. இப்படியாக எத்தனையோ மென்பொருள்களில் ஹைஸமுக்கு எத்தனையோ வரவேற்பறைகள் இருக்கின்றன, ஒன்றிலும் குளியலறை இல்லை.

"பாபா, நாங்க ரெண்டு பேரும் வரவேற்பறையிலயே குளிச்சுக்கறோம். அதையாவது முடிச்சுக் குடுங்க," என்றான் ஹைஸம் ஒருநாள்.

"அவசரம் ஷைத்தானோட வேலைடா," என்றார் ஷௌகத், அடுத்ததைப் பதிவிறக்கிக்கொண்டே.

இதற்கிடையில் தெருமுனைக் காபிக்கடையில் அவர் புகழ் பரவியது. வரைபட மென்பொருள் வாங்க நினைக்கும் எவனும் முதலில் பாஷ்முஹந்திஸிடம் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது. அவர் ஹுக்காவை ஒரு இழுப்பு இழுத்து, பத்து மென்பொருள்களின் குலம் கோத்திரத்தை ஒப்பித்து, கடைசியில், "எதுக்கும் இன்னும் ஒரு மாசம் பொறு," என்பார். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய், அவர் இரண்டாவதாகத் திட்டியதை வாங்கிக்கொண்டு, வரைந்து, சம்பாதித்து, அவருக்கே தேநீரும் வாங்கிக் கொடுத்தார்கள். வல்லுநர் என்றால் சும்மாவா?

நடுவில் ஒரு சின்ன சம்பவம். பக்கத்து வீட்டு ஃபிக்ரிக்கு மாடியில் புறாக் கோபுரம் ஒன்று கட்ட ஆசை. ஷௌகத் அப்போது அந்த இலவச மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார். வளைவுகள் எப்படி வருகின்றன என்று பார்க்க ஏதாவது வேண்டுமே? விளையாட்டாக ஒரு கோபுரத்தை வரைந்தார். அடுக்கடுக்காக மாடங்கள், காற்றுப் போக இடைவெளி, பூனை ஏறாத விளிம்பு என்று எல்லாம் அமைந்து, அளவுகளோடு அச்சாகியும் வந்தது. ஃபிக்ரி தாளை வாங்கிக்கொண்டு போனார். ஷௌகத் அதை மறந்துவிட்டு, அந்த மென்பொருள் ஒருமுறை தானாக மூடிக்கொண்டது என்று காரணம் சொல்லி அதைத் தள்ளுபடி செய்தார். அன்று தெருவுக்கே மின்சாரம் இல்லை என்பது வேறு விஷயம்.

மௌலித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு நிவீனின் தகப்பனார் ஹாஜ் ஷிஹாத்தா மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊறுகாய் வியாபாரி, முகம் எப்போதும் இனிப்பாக இருக்கும். அன்று இல்லை.

"சம்பந்தி, மாடியைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார்.

எல்லாரும் ஏறினார்கள். கம்பிகள் துருப்பிடித்து நின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவே இன்ஷிராஹ் துணி காயப் போட்டிருந்தாள், மூன்றாவதில் பூண்டுச் சரம் தொங்கியது. ஹைஸம் தரையைப் பார்த்தான். நிவீன் ஹைஸமைப் பார்த்தாள். ஷௌகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப ஒரு செக் நாட்டு சாஃப்ட்வேர்..." என்று ஆரம்பித்தார்.

ஹாஜ் ஷிஹாத்தா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பார்வை பக்கத்து மாடிக்குப் போயிருந்தது. அவர் புறா வளர்க்கிறவர். பார்த்ததும் அவருக்குக் கோபமே மறந்துபோனது.

"என்ன கோபுரம் இது. மாடத்தோட அளவைப் பாருங்க. பூனை எங்கேருந்தும் ஏற முடியாது. இதை வரைஞ்ச கைக்கு முத்தம் குடுக்கணும்."

ஃபிக்ரி தானியம் தூவிக்கொண்டிருந்தவர், கோபுரத்துக்குப் பின்னாலிருந்து மகிழ்ச்சியாகத் தலையை நீட்டினார்.

"குடுங்க ஹாஜ், கை பக்கத்துலதான் இருக்கு. நம்ம பாஷ்முஹந்திஸ் வரைஞ்சதுதானே. ஒரே சாயங்காலத்துல போட்டுக் குடுத்தாரு. ரெண்டாவது குஞ்சு பொரிச்சாச்சு."

எல்லார் தலையும் ஷௌகத் பக்கம் திரும்பியது.

"அது சும்மா சோதனைக்கு வரைஞ்சது, ஹாஜ்," என்றார் ஷௌகத்.

"எந்த சாஃப்ட்வேர்ல மாமா?" என்றாள் நிவீன். அவள் வந்ததிலிருந்து பேசிய முதல் வார்த்தை அது.

"அதாம்மா, அந்த இலவசமானது. ஆனா அதை நான் ஒதுக்கிட்டேன். நம்ப முடியாது."

"புறா நம்புதே," என்றார் ஹாஜ் ஷிஹாத்தா.

ஷௌகத் விலையைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்றால் அதற்கு விலையே இல்லை. நம்பகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்றால் அது எதிரே செங்கல்லாக எழும்பி, முட்டையும் குஞ்சுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் ஜன்னலைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தம்மைப் பார்த்தே கூச்சமாக இருந்தது.

"இங்க பாருங்க சம்பந்தி," என்றார் ஹாஜ், குரலைத் தாழ்த்தி. "நீங்க நல்ல மனுஷன். பையனும் தங்கம். ஆனா எம்பொண்ணுக்கு வயசு ஏறுது. மௌலித் முடியறதுக்குள்ள ப்ளான் நகராட்சியில போய்ச் சேரலைன்னா, நீங்க போட்ட வளையலும் மோதிரமும் உங்க வீட்டுக்கு வந்து சேரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நிவீன் வளையல்களைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே ஷௌகத் உட்கார்ந்தார். ஒதுக்கி வைத்த அதே இலவச மென்பொருள். திறந்ததும் நடுவில் ஒரு பெட்டி வந்தது: புதிய பதிப்பு தயார், இதிலுள்ள மாற்றங்களைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க விருப்பமா? ஒப்பிட்டுப் பார்க்க. எப்பேர்ப்பட்ட வார்த்தை. ஷௌகத்தின் கண்ணில் வெளிச்சம் வந்தது, முதுகு நிமிர்ந்தது, கை தானாக ஆம் என்ற பொத்தானை நோக்கிப் போனது.

இன்ஷிராஹ் வந்தாள். சுவரோரம் குனிந்து இணையக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி, மாவு டப்பாவுக்குள் போட்டு மூடி, டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாஷ்முஹந்திஸ்," என்றாள். "குளியலறையிலேருந்து ஆரம்பிங்க."

குளியலறையிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் சமையலறை, படுக்கையறை, படிக்கட்டு. மென்பொருள் ஒருமுறைகூடத் தானாக மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொண்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவேற்பறையைக் கடைசியில், தங்கமுலாம் சோபா இல்லாமல் போட்டார். மௌலித் கடைகளில் சர்க்கரைப் பொம்மைகள் இன்னும் விற்றுத் தீராத நாளில், கோப்பு நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. வளையல்கள் இருந்த கையிலேயே இருந்தன.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஹாஜ் ஷிஹாத்தா ஒரு பீப்பாய் ஊறுகாய் அனுப்பினார், ஃபிக்ரி கொழுத்த புறாக்களில் அரிசி அடைத்துச் சமைத்துக் கொடுத்தார். இப்போது மாடியில் ஹைஸமும் நிவீனும் குடியிருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை. அதை வாங்கித் தரும் பொறுப்பை ஷௌகத் ஏற்றுக்கொண்டிருக்கிறார். விலை குறைவாக இருக்க வேண்டும், நம்பகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிவீன் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கத் தினமும் மாமியாரிடம் இறங்கி வருகிறாள். இன்ஷிராஹ் மாவு டப்பாவைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கிறாள்.

சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். ஷௌகத்தும் இந்தக் கதையைக் காபிக்கடையில் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல இப்படிச் சில பேர் இருக்காங்க," என்று சிரித்தார். நீங்கள் அந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கோ தூரத்தில் இருக்கும் தன்தாவை விட்டுவிட்டு, உங்கள் மொட்டைமாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கேயும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா? கீழே யாராவது காத்திருக்கிறார்களா? இல்லை, நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் எதற்கும் இன்னும் நாலு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம் என்று இந்த நிமிடம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து வீட்டில் மாவு டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.