நோட்டுக்காரர்

அந்த ஆள் இந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்துவிட்டார். அதே கடைசி நாற்காலி, மடியில் நோட்டு, கையில் பேனா. யார் என்ன கேட்டாலும் தலையாட்டியதோடு சரி.

"டப்ளின்லேர்ந்து அனுப்பியிருக்காங்க. சத்தியமா இன்ஸ்பெக்டர்தான்," என்று தோழி கன்செப்டாவின் காதைக் கடித்தாள் அட்ராக்டா.

"எப்படிச் சொல்ற?"

"பதினோரு வருஷத்துல நம்மள்ல யாராவது ஒரு வார்த்தை எழுதியிருக்கோமா?"

அயர்லாந்தில், கால்வே பக்கத்துச் சிற்றூர் அது. நூலகத்தின் கீழ்த்தளத்தில், வாராவாரம் ஐரிஷ் பேசிப் பழகும் வட்டத்தை நடத்துகிறவள் அட்ராக்டா. உண்மையில் அந்த ஆள் வரும்வரை அங்கே நடந்தது வேறு. மழையைப் பற்றி இரண்டு நிமிடம் ஐரிஷ். பிறகு டீயும் ஸ்கோன் ரொட்டியுமாக ஊர்வம்பு முழுக்க ஆங்கிலத்தில். பணம் தரும் டப்ளின் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் வட்டத்தையே மூடிவிடுவார்கள்.

"இனிமே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது," என்று சட்டம் போட்டாள்.

"மழை," என்றார் ஒருவர் ஐரிஷில்.

"ஆமா, மழை."

"நேத்தும் மழை."

ஒரு மணி நேரமும் இப்படியே பெய்தது. அந்த ஆள் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வினைச்சொற்களில் வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்பது பேர் நாலு பேரானார்கள்.

அதற்கடுத்த வாரம் கானமாராவிலிருந்து சித்தப்பா மகன் மார்ட்டினை வரவழைத்தாள். பிறந்ததிலிருந்தே ஐரிஷ் பேசுகிறவன். அவன் வேகத்துக்கு அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை; புரிந்த மாதிரி விழுந்து விழுந்து சிரித்து வைத்தாள். மாடு செத்துப்போன கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உச்சுக்கொட்டினார்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மறுவாரம் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்களை இங்க அனுப்பினது யாரு?" மனப்பாடம் செய்து வந்த ஐரிஷ்.

அவர் மரியாதையாக எழுந்தார். "எங்க மேலதிகாரிதாங்க. 'நல்லா கவனிச்சு எழுதிக்கிட்டு வா'ன்னு சொல்லியிருக்காரு." ஒரு பிசிறு இல்லாத ஐரிஷ்.

அட்ராக்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைவசமிருந்த ஐரிஷும் தீர்ந்துபோக, ஆங்கிலத்தில் கொட்டினாள். "எழுதிக்குங்க சார்! பதினோரு வருஷமா டீ குடிச்சோம், அவ்வளவுதான். எங்க யாருக்கும் ஐரிஷ் வராது. ஆனா மூடிடாதீங்க. எங்க பாட்டன் பூட்டன் பேசின பேச்சு, எப்பவாவது வந்துடும்னு ஒரு நப்பாசை!"

அவர் திருதிருவென்று விழித்தார். "டீச்சர், இப்ப நீங்க பேசினது என்ன மொழி?" என்று ஐரிஷில் கேட்டார்.

"கேட்டியா, குத்தலை!" என்று முணுமுணுத்தாள் கன்செப்டா.

அப்போது கதவைத் திறந்து தலையை நீட்டி நோட்டுக்காரரைப் பார்த்தார் நூலகக் காவலாளி மாலக்கி.

"அடப்பாவி வால்டெசிர், இங்கயா உக்காந்திருக்க? பிரேசில்காரங்களுக்கு நடத்துற இங்கிலீஷ் கிளாஸை இந்த ரூம்லேர்ந்து மாடிக்கு மாத்தி ரெண்டு மாசம் ஆச்சேப்பா!"