சாக்கு ஆராய்ச்சி

மனைவியின் படிப்புக்குக் குறுக்கே நிற்பதில்லை என்று நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். குறுக்கே நின்றால் ஆள் தெரிந்துவிடும். பின்னால் நின்றால் தெரியாது. காலை வாருவதற்கும் வசதி.

நான் கெட்டவன் இல்லை. தானியக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். நாளெல்லாம் மூட்டைகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காபி தானாக வரும். சட்டை தானாகத் துவைந்து, தானாக மடிந்து, அலமாரியில் தானாக ஏறிக்கொள்ளும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித் தானாகத்தான் நடக்கிறது. இந்தத் 'தானாக'வுக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பது, அவள் வெளியூர் போகப்போவதாகச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது.

அன்று நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, எங்க காலேஜ்ல பழைய மாணவிகளுக்கு உதவித்தொகை தராங்களாம்."

"நீ எப்போ பழசான?"

"உங்களைக் கட்டிக்கிட்ட மறுநாளே. ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணணும். மாசாமாசம் பணம் குடுப்பாங்க. அங்கயே ஹாஸ்டல்ல தங்கிக்கலாம்."

ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்ததும், காபி டம்ளர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பது போலத் தெரிந்தது. அதன் பின்னால் என் சட்டைகள் வரிசையாக.

முடியாது என்று சொல்லியிருப்பேன். வழியில்லை. கல்யாணம் பேசும்போது மாமனாரிடம், "உங்க பொண்ணு எவ்வளவு வேணும்னாலும் படிக்கட்டும் மாமா, யாரு வேண்டாங்கறா" என்று மார்தட்டியிருந்தேன். அவருக்கு மறதி அதிகம் என்ற தைரியம்தான். நினைத்தபடியே அவர் மறந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மகள் மறக்கவில்லை.

"தாராளமா படி. எதைப் பத்தி ஆராய்ச்சி?"

"சாக்கைப் பத்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் படித்தது சமூகவியல். நான் அன்றாடம் மிதிப்பது சாக்கு.

"சமூகத்துக்கும் சாக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சமூகமே சாக்குலதாங்க ஓடுது."

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். அரிசி, கோதுமை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் சாக்கில் ஏறித்தானே ஊர் போய்ச் சேர்கின்றன.

"அப்படின்னா எங்க கிடங்குக்கு வா. மலை மலையா குவிஞ்சு கிடக்கு."

"தெரியுமே. ஆனா எனக்கு வீட்டுல புழங்கறதுதான் முக்கியம். தரமும் அதுலதான்."

"நம்ம வீட்டுல ஏது சாக்கு?"

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். "தேடினா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உதட்டோரம் எதுவோ துடித்தது. என்னைப் பிரியப்போகிற சோகம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே சேதி வந்தது. கடைசிச் சுற்றுக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு பேராசிரியைகள் வீட்டுக்கே வருவார்களாம். தலைப்புக்குத் தேவையான சரக்கு இருக்கிறதா என்று நேரில் பார்ப்பார்களாம்.

எனக்குத் தெரிந்த ஒரே அறிவாளி எதிர்வீட்டுக் குழாய்க்காரர். எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்ற வந்தவரிடம் என் மனதையும் கழற்றி வைத்தேன்.

"போக வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணே" என்றார், தொட்டிக்கு அடியில் இருந்தபடி.

"சொல்ல முடியாதுப்பா. வாக்கு குடுத்துட்டேன்."

"அப்போ அந்த அம்மாங்களே வேண்டாம்னு சொல்லணும். ஒழுகாத குழாய்க்கு யாராவது என்னைக் கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அதேதான். தெரியாத விஷயம் இருந்தாத்தானே ஆராய்ச்சி? வர்றவங்ககிட்ட சாக்கைப் பத்தி ஒண்ணு விடாம நீங்களே சொல்லிடுங்க. இனிமே இதுல கண்டுபிடிக்க என்ன இருக்குன்னு எழுந்து போயிடுவாங்க."

குழாய் அன்று மாலையே மறுபடி ஒழுகியது. அதை ஒரு எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேராசிரியைகள் வந்தார்கள். ஒருவர் நெட்டை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். இன்னொருவர் குட்டை. பார்க்கவே மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். மனைவி அவர்களுக்கு எதிரில் வாயே இல்லாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளை இவ்வளவு அடக்கமாக நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"உங்க மனைவி எடுத்திருக்கற தலைப்பு தெரியுமா சார்?" என்றார் நெட்டை.

"சாக்குதானே? அதுல எனக்குத் தெரியாததே கிடையாதுங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து என் பொழைப்பே சாக்குலதான் ஓடுது."

குட்டையின் பேனா ஓடத் தொடங்கியது.

"ஆபீஸ்லயுமா?"

"அங்கதான் அதிகம். திடீர்னு சோதனைக்கு அதிகாரி வந்து நிப்பார். எங்க முதலாளி பதறிடுவார். 'ஏய்யா, காட்டறதுக்கு நல்ல சாக்கு ஒண்ணுகூடவா இல்ல'ன்னு என்னைத்தான் பார்ப்பார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நாலஞ்சு கொண்டுவந்து முன்னால நிறுத்திடுவேன்."

"முதலாளிக்கே நீங்கதான் தருவீங்களா?"

"என்னைத் தவிர வேற யாரு தருவா? எந்தச் சாக்கு எங்க இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்."

நெட்டை நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சலிப்படைந்துவிட்டார், சீக்கிரம் கிளம்பப் பார்க்கிறார் என்று எனக்கு உற்சாகம் பிறந்தது.

"பழசு நல்லதா, புதுசு நல்லதா?"

"பழசுதாங்க. புதுசு முரடா இருக்கும், எடுத்தாக் கை உறுத்தும். பழசு நமக்குப் பழகிடும். சொன்னபடி கேக்கும்."

"ஒரே சாக்கை எத்தனை தடவை பயன்படுத்துவீங்க?"

"கிழியற வரைக்கும். கிழிஞ்சாலும் தூக்கிப் போட மாட்டேன். நாலு தையல் போட்டா மறுபடி புதுசு மாதிரி. வெளியாளுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு மட்டும் ஓட்டைச் சாக்கைக் கொண்டுவரக் கூடாது. இவ உடனே கண்டுபிடிச்சிடுவா."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. உதவித்தொகை கைநழுவுகிறதே என்று அழுகிறாள் போலும். எனக்கு மனது கேட்கவில்லை. ஆனால் காபி முக்கியம்.

"அடுத்தவங்க சாக்கை எடுத்துக்கறதும் உண்டா?" இதைக் கேட்டது குட்டை. அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"அவசரத்துக்கு எடுக்கறதுதான். உள்பக்கத்தை வெளியே திருப்பிட்டா யாரோடதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"எவ்வளவு பெரிய விஷயத்தைத் தாங்கும்?"

"அது ஆளோட கைத்திறமையைப் பொறுத்தது. சாக்கு மட்டும் நல்லதா இருந்தா ஒரு முழு மனுஷனே உள்ள ஒளிஞ்சுக்கலாம்."

நெட்டை கண்களை மூடிக்கொண்டார். நல்ல பாட்டு கேட்பவர் முகம் அது. எனக்குக் கொஞ்சம் உதைத்தது. சாக்கைக் கேட்டுக் கண் சொக்கிய யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

முடித்துவிடலாம் என்று எழுந்தேன். "அவ்வளவுதாங்க சாக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இதுக்குமேல இவ அங்க வந்து எதைக் கண்டுபிடிக்கப்போறா, சொல்லுங்க?"

"ஒரே ஒரு கேள்வி" என்றார் நெட்டை. "வீட்டு வேலையில இவங்களுக்கு உதவி செய்வீங்களா?"

"எனக்கு ரொம்ப ஆசைங்க. பாத்திரம் கழுவலாம்னா சோப்பு என் கைக்கு ஆகாது. பெருக்கலாம்னா தும்மல். துணி காயப்போடலாம்னா மொட்டை மாடி. உயரம் பார்த்தா எனக்குத் தலை சுத்தும்."

"நேத்து தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு போன் பேசினாரு" என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. "அது வேற தலை போலிருக்கு."

"அங்கதான் சிக்னல் வருது" என்றேன்.

"இதையும் எழுதிக்கோங்க" என்றார் நெட்டை.

குட்டை ஒரு பக்கத்தைப் புரட்டி, முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், உங்க மனைவி தலைப்பைச் சொன்னப்போ ஒரு வீட்டுல இவ்வளவு கிடைக்குமான்னு எங்களுக்குச் சந்தேகம். 'வந்து பாருங்க மேடம், நான் எதுவும் பேசவே வேண்டியிருக்காது'ன்னு சொன்னாங்க. 'இல்லறத்தில் சாக்குப்போக்கு: வேலை தவிர்க்கும் கணவர்களின் மொழி'. தலைப்பு இதைவிடப் பொருத்தமா அமையாது."

"சாக்கு... போக்கா?"

"முதல்ல சாக்குன்னு மட்டும்தான் வெச்சிருந்தாங்க. யாராவது கோணின்னு நினைச்சுடுவாங்கன்னு நாங்கதான் போக்கைச் சேர்த்தோம்."

காலியான மூட்டை எப்படிச் சரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படித்தான் நாற்காலியில் சரிந்தேன்.

"ஐயையோ, மேடம், நான் சொன்னது கோணிச் சாக்கு. கிடங்குல கிடக்குமே, அது."

நெட்டை எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்தீங்களா, மாட்டிக்கிட்ட அடுத்த நொடியே புத்தம்புதுசா ஒண்ணு. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீ ஹாஸ்டலுக்கெல்லாம் வர வேண்டாம்மா. ஆய்வுக்களமே இங்க இருக்கும்போது அங்க வந்து என்ன செய்யப்போற? வீட்டுலயே இருந்து எழுது."

மானம் போனால் போகட்டும், மனைவி போகவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நான் போட்ட திட்டம் கோணலாகப் போய்க்கூட நேராக ஊர் சேர்ந்துவிட்டது. வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பினேன்.

படி இறங்கிய நெட்டை நின்றார். "சொல்ல மறந்துட்டேன் சார். இது முழுநேர உதவித்தொகை. வாங்கறவங்க வேற எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அது எங்க காலேஜ் விதி."

"இவதான் எந்த வேலைக்கும் போகலையே மேடம்."

"சமையல், துணி, பாத்திரம் எல்லாம் என்னவாம்?"

"அதெல்லாம் தானா..." என்று ஆரம்பித்தேன். படிக்கட்டில் நின்றபடியே குட்டை பேனாவைத் திறந்தார்.

இப்போது மாடி அறை அவளுடையது. காலையில் புத்தகங்களோடு ஏறினால் மாலையில்தான் இறங்குகிறாள்.

"ஏங்க, காபி ஆச்சா?" என்று மேலிருந்து குரல் வரும்.

"இல்லம்மா, இந்த அடுப்பு இருக்கு பாரு, அது என்னன்னா..."

"இருங்க, இருங்க. பேனா எடுத்துக்கறேன். ம், மெதுவா சொல்லுங்க. அடுப்பு என்னன்னா?"

"ஒண்ணுமில்ல. கொண்டு வரேன்."

அவள் மேலே செய்வது மேற்படிப்பு. நான் கீழே செய்வது கீழ்ப்படிப்பு.