டீசெண்ட் ஃபேமிலி மட்டும்

"இந்த டீசெண்ட் யாரை உள்ள விடும், யாரை வெளிய தள்ளும்?" என்று ரகுராம் பலகையைப் பார்த்தே கேட்டுவிட்டான்.

அல்சூர் ஏரிக்குப் பின்புறம் ஒரு சந்து. மாடிக் கம்பியில் 'டு லெட். டீசெண்ட் ஃபேமிலி மட்டும்' என்று பலகை தொங்கியது. மாதக் கடைசிக்குள் அவன் இப்போதைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் கோவிந்தப்பாவின் மகனுக்குக் கல்யாணம். வீடு தேடிப் பெங்களூரில் அவன் ஏறாத மாடியில்லை. காக்கைகள்கூட அடையாளம் கண்டு ஒதுங்கி வழிவிட்டன.

பலகையிலிருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினான். 'ஞாயிறு பதினொண்ணுக்கு வாங்க' என்று பதில் வந்தது. டீசெண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆபீஸில் பக்கத்து சீட் க்ளென்னைக் கேட்டான்.

"டீசெண்ட்னா சுமார் மச்சா. ஏதோ, பரவால்ல, அந்த ரகம்."

"பாஸ் என் வேலையை டீசெண்ட்னு சொன்னாரே! நான் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேனே!"

"பாவமேன்னுதான் சாப்பிட்டோம்."

ரகுராமுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி சிந்துவிடம் கேட்டான்.

"எங்கப்பா உங்க சம்பளத்தை டீசெண்ட்னாரு. நிறையன்னு நெனச்சு ஏமாந்தேன்," என்றாள் அவள். "உங்கம்மா என்னை டீசெண்டா டிரெஸ் பண்ணும்மான்னாங்க. அங்க மட்டும் நிஜமாவே நிறையன்னு அர்த்தம்!"

கோவிந்தப்பா வீட்டை வாடகைக்கு விடுவதில் பழுத்தவர். அவர் கையை விரித்து, பாதிக் கன்னடத்தில், "டீசெண்ட் அந்த்ரே, அதாவது டீசெண்ட்னா, குடித்தனம் இருக்கறதே தெரியக் கூடாது சார். அஷ்டே, அவ்வளவுதான்!" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று ரகுராம் எல்லா அர்த்தத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தான். அவனுக்கு டை. சிந்துவுக்குக் கல்யாணப் பட்டு. பட்டுப் புடவையோடு பைக்கில் போய் இறங்குவது டீசெண்ட் இல்லையென்று ஆட்டோ. ஆட்டோ சத்தம் போடுமென்று தெருமுனையிலேயே இறங்கினார்கள். பிடித்தது மழை. நனைந்த ஷூ சளக் சளக் என்றது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டை கட்டிய திருடனைப் போல நடந்தான்.

"உள்ள வந்து சிரிச்சுத் தொலைக்காதே," என்று எச்சரித்தான். சிந்து சிரித்தால் ஏரியிலுள்ள கொக்கெல்லாம் ஓசூருக்குக் கிளம்பிவிடும்.

கதவைத் திறந்த வேலைக்காரப் பெண், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எதிர் சோபாவில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவரும், பட்டுப் புடவையில் ஓர் அம்மாளும், ஆணியடித்து மாட்டிய படம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் என்றால் இவரல்லவோ வீட்டுக்காரர் என்று ரகுராம் டையை இறுக்கிக்கொண்டான்.

"நான் ரகுராம் சார். இவங்க சிந்து."

"சேஷகிரி. இவ பாகீரதி." பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்குச் சத்தமே ஆகாது."

"எங்களுக்குந்தான் சார். வீட்டுல மிக்ஸியே கிடையாது."

சிந்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் முகம் ஏனோ வெளுத்தது.

"ராத்திரி ஒம்போதுக்கு விளக்கை அணைச்சுடுவோம்," என்றார்.

"நாங்க ஏழரைக்கே சார்."

"உறவுக்காரா யாரும் வந்து தங்கறதில்லை," என்றார் பாகீரதி அவசரமாக.

"எங்களுக்கு உறவுக்காரங்களே இல்ல மாமி."

"எங்கப்பாவ என்ன பண்ணீங்க?" என்று சிந்து கிசுகிசுத்து அவன் தொடையைக் கிள்ளினாள்.

"வெங்காயம் தொட மாட்டோம்," என்றார் பெரியவர். நெற்றியில் வியர்வை.

"நாங்க அந்தப் பேரையே சொல்றதில்ல சார். சிந்துவுக்கு இப்பத்தான் தெரியும், அப்படி ஒண்ணு இருக்குன்னு."

அவ்வளவுதான். சிந்து வெடித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரிப் பாத்திரங்கள் கூடச் சேர்ந்து சிரித்தன. போச்சு வீடு என்று ரகுராம் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது, வேலைக்காரப் பெண் நிலைப்படியில் நின்றாள்.

"ஓனரக்கா ராத்திரிக் கச்சேரி முடிச்சு இப்பத்தான் எந்திரிச்சாங்க, வீடு பாக்க வந்த ரெண்டு குடும்பமும் உள்ள வாங்க, அவங்க டிரம்ஸ் வாசிச்சா தலைவலின்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத டீசெண்டான ஆளுங்களுக்குத்தான் வீடாம்!"