காளைக் கொட்டிலின் கௌரவ ஆலோசகர்

தோல்வியை ஒரு கலையாகவும், பிறகு ஓர் அறிவியலாகவும், இறுதியில் ஒரு நிர்வாக முறையாகவும் வளர்த்தெடுத்த பெருமை உலகத்தில் வேறெந்த விளையாட்டுக் கழகத்துக்கும் கிடைக்கவில்லை. ஒஹாயோ ஆற்றங்கரையில் மார்லோ ஃபெர்ரி நகரத்து பேஸ்பால் அணியான நாரைகளுக்கே அது கிடைத்தது. மற்ற அணிகளும் தோற்கும்தான். ஆனால் அவை ஜெயிக்க முயன்று, முடியாமல் தோற்கும். நாரைகளிடம் அந்த அரைகுறைத்தனம் கிடையாது. கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டி, ‘மறுகட்டமைப்பு’ என்று பெயரும் வைத்துத் தோற்றார்கள். சில கோடைகளாகவே மறுகட்டமைப்பு நடந்துகொண்டிருந்தது. புதிதாக எதுவும் எழும்பவில்லை. இருந்த செங்கற்களைத்தான் ஒவ்வொன்றாக உருவினார்கள்.

இந்த மகத்தான அணியின் மகத்தான ரசிகர் வெண்டல் ஓபர்மேயர். அவர் ஊரில் சைலன்சர் மாற்றும் கடை வைத்திருந்தார். ஊரார் வண்டிகளின் சத்தத்தை அடக்குவது அவர் தொழில். அவருடைய சத்தத்தை அடக்கத்தான் ஊரில் கடை இல்லை.

நாரைகளின் நோய் எறிதலில் இருக்கிறது என்பதை வெண்டல் கண்டுபிடித்திருந்தார். மைதானத்துக்கு வந்த குழந்தைகளும் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். பந்தை எறிகிறவர் களைத்துப்போனால் இறங்குவதற்கு மாற்று எறிவீரர்கள் மைதான ஓரத்தில் ஒரு தடுப்புக்குள் காத்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘காளைக் கொட்டில்’. குறி தப்பிய எறிக்குப் பெயர் ‘பால்’. நான்கு பால் கொடுத்துவிட்டால் மட்டை பிடித்தவர் ஓடவே வேண்டாம். காற்று வாங்கப் போவதுபோல முதல் தளத்துக்கு நடந்து போகலாம். நாரைகளின் கொட்டிலிலிருந்து வந்த காளைகளோ வஞ்சனையில்லாமல் பால் கொடுத்தன. கால்நடைத் துறை கவனித்திருக்க வேண்டிய சாதனை.

இந்தக் காளைகளில் ஒருவர்மேல் வெண்டலுக்குத் தனிப் பிரியம். அவர் டேரல் ஹின்சன், ஆர்கன்சாவிலிருந்து வந்த இடக்கைக்காரர், முப்பதைத் தாண்டியவர். அந்தக் கோடையின் தொடக்கத்தில் எதிர்க்கரை ஊருடன் நடந்த ஆட்டத்தைக் கடைசி ஆட்டச்சுற்றில் கோட்டைவிட்டவர் அவர்தான். எதிர்க்கரையில்தான் வெண்டலின் மைத்துனன் இருந்தான். அவன் வாரம் தவறாமல் ஃபோன் செய்து நலம் விசாரித்தான். ஹின்சனின் நலத்தை.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் வெண்டல் முதல் தளத்துப் பக்கம் உட்கார்ந்து, “ஹின்சனைத் தூக்கு!” என்று முழங்கினார். காலையில் உள்ளூர் வானொலியின் ‘ரசிகர் நேரம்’ நிகழ்ச்சிக்கு ஃபோன் செய்து அதையே நிதானமாகச் சொன்னார். ஆட்டத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்ட மனைவி டோரீனிடம் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் விளக்கமாகச் சொன்னார்.

டோரீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். கூச்சல் அவருக்குப் புதிதல்ல.

“அந்த மனுஷன் உனக்கு என்னதான் பண்ணினான் வெண்டல்?”

“எனக்கு ஒண்ணும் பண்ணல. எதிர் டீமுக்குத்தான் எல்லாம் பண்றான். எறியும்போது அவன் மூஞ்சியப் பாத்தியா? பல்லுவலிக்காரன் மாதிரி.”

“நீ கத்துறதக் கேட்டா எனக்கும்தான் பல்லு வலிக்குது. பீன்ஸ எடு.”

ஜூன் மாதக் கடைசியில் கழகம் ‘செவிமடுக்கும் மாலை’ ஒன்றை அறிவித்தது. தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் ரசிகர்கள் கூடினார்கள். கழகத்தின் ‘வெற்றிக் கலாசாரத் தலைமை அதிகாரி’ பிரென்னன் வைஸ் மேடையேறினார். முன்பெல்லாம் இந்தப் பதவிக்கு மேலாளர் என்று பெயர். வெற்றி குறையக் குறையப் பெயர் நீண்டது. அவர் இதற்கு முன் நாய் பிஸ்கட் கம்பெனி ஒன்றை முன்னேற்றியவர். விலையுயர்ந்த ஷூ போடுவார். சாக்ஸ் போட மாட்டார்.

“நாம தோத்துக்கிட்டு இருக்கோம்னு சிலர் சொல்றாங்க,” என்றார் வைஸ். “அந்த வார்த்தையே எங்க ஆபீஸ்ல கிடையாது. நாம வெற்றியத் தள்ளி வச்சிருக்கோம்.”

“எது வரைக்கும்?” என்றது ஒரு குரல்.

“அருமையான கேள்வி. இந்தக் கேள்வியக் கேட்டதுக்கு ரொம்ப நன்றி.” அடுத்த படம் வந்தது. ஒரு சிவப்புக் கோடு ராக்கெட்டைப்போல மேலே ஏறியது.

“அது என்ன கோடுங்க?” என்றார் வெண்டல்.

“தோல்வியோட எண்ணிக்கை. ஆனா அத விடுங்க. போக்கப் பாருங்க! எங்கயாவது தொங்குதா?”

மண்டபத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். உண்மைதான், எங்கேயும் தொங்கவில்லை.

வெண்டல் எழுந்தார். எறிதலைப் பற்றியும், கொட்டிலைப் பற்றியும், குறிப்பாக ஹின்சனைப் பற்றியும் மண்டபத்துக் கண்ணாடிகள் அதிரப் பேசினார். வேறு எந்த அதிகாரியாவது முகம் சுளித்திருப்பார். வைஸோ இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “உங்களமாதிரி ஒருத்தரத்தான் நாங்க தேடிக்கிட்டு இருந்தோம்,” என்றார்.

ஒரே வாரத்தில் ‘ரசிகர் ஆலோசனைக் குழு’ பிறந்தது. வெண்டலுக்கு ஒரு நீல ஜாக்கெட் கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு நாரை. அதன் கீழே ‘கௌரவ இணை ஆலோசகர் (எறிதல்)’ என்று தையல். ஜூலை வெயிலில், வண்டிக்கடியில் படுத்து வெல்டிங் வைக்கும்போதும் அவர் அதைக் கழற்றவில்லை. பதவி என்றால் கொஞ்சம் வேர்க்கத்தானே செய்யும்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது, மைதானத்து வெளிச்சுவரில் வீரர்களின் படங்களுக்கு நடுவே ஒரு பெயிண்டர் ஏணியில் நின்று ஹின்சனின் முகத்தில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மூக்கு மட்டும் பாக்கி. உள்ளே வைஸ் குழுவைப் பார்த்து, “எறிதல்ல என்ன மாற்றம் வேணும்? முடிவு உங்க கையில,” என்றார்.

“ஹின்சனத் தூக்கணும்,” என்றார் வெண்டல்.

கைகள் உயர்ந்தன. “ரசிகர்கள் பேசிட்டாங்க!” என்று வைஸ் கண் கலங்கினார். எடுக்கப்போகும் முடிவை முன்கூட்டியே நிறைவேற்றிவைக்கும் இந்த வேகத்தை வெண்டல் மனதாரப் பாராட்டினார். இப்படியொரு சுறுசுறுப்பு கொட்டிலில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஒரு பழைய பிக்கப் வண்டி தெருவையே எழுப்பிக்கொண்டு கடைக்குள் நுழைந்தது. சைலன்சர் தரையில் இழுபட்டு வந்தது. வண்டியின் பின்னால் ஒரு மெத்தை, ஒரு குட்டி சைக்கிள், கயிற்றால் கட்டிய மேசை விளக்கு. இறங்கியவர் நெடிய ஆள். இடது தோளில் ஐஸ் பை கட்டியிருந்தார்.

“இன்னைக்கே ஆகுமா சார்? ஏரிக்கரைல ஒரு டீம்ல சேரப் போறேன். இந்தச் சத்தத்துல கொழந்த தூங்க மாட்டேங்குது. அதான் பொண்டாட்டியையும் கொழந்தையையும் பஸ்ல அனுப்பிட்டேன்.”

வெண்டலுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. “ஆகும்,” என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அது. அதுவே போதுமானதாக இருந்தது.

“அட!” என்றார் ஹின்சன். “இந்தக் குரல்... முதல் தளத்துப் பக்கம்! ‘ஹின்சன், உன் கையக் கழட்டி ஆத்துல போடு’ன்னது நீங்கதானே?”

“அது... ஆட்டத்துல ஒரு வேகத்துல வர்றது தம்பி...”

“நல்லா இருந்துச்சு சார். கொட்டில்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் சிரிப்பு வரல. அவ உங்களுக்கு ரெண்டு வரிசை பின்னாடி உக்காந்திருப்பா.”

வெண்டல் குனிந்து வண்டிக்கடியில் நுழைந்தார். அங்கே பார்க்க வேண்டியது அதிகம் இல்லை; ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது ஹின்சனின் பார்வை ஜாக்கெட்டில் இருந்தது.

“எறிதலுக்கு ஆலோசகரா? அப்ப எனக்கும் ஒண்ணு சொல்லுங்க சார். தெனமும் எறிஞ்சா தோள் வீங்குது. என்ன பண்ணலாம்?”

“தெனமுமா? உன்ன யாரு தெனமும் எறியச் சொன்னா?”

“வேற யாரு எறிவா? எறியத் தெரிஞ்சவங்களத்தான் ஒவ்வொருத்தரா அனுப்பிட்டாங்களே.”

பிறகு ஹின்சன் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “ஒண்ணு சொல்லணும் சார். இத்தன வருஷமா ஆபீஸ்ல எனக்குப் பேரு ஹென்சன். வேல போச்சுன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு; அதுலயும் ஹென்சன்தான். இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் பேரச் சரியாச் சொல்லித் திட்டுனீங்க.”

வெண்டல் தன் சொந்த வண்டிக்கு என்று எடுத்துவைத்திருந்த புது சைலன்சரை மாட்டினார். கூலி எவ்வளவு என்று ஹின்சன் கேட்டபோது வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். வண்டி துளிச் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. அவர் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அதுதான். அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் டோரீனிடம் சொன்னார்.

“அந்தப் பச்சத் தொப்பி போட்ட பொண்ணு,” என்றார் டோரீன். “தெரியுமே. ஒவ்வொரு ஆட்டத்துலயும் உனக்காக அவகிட்ட நான்தான் மன்னிப்புக் கேப்பேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேன். நீ கத்திக்கிட்டு இருந்த.”

அடுத்த கூட்டத்தில் வெண்டல் எழுந்து நின்றார். “நான் தப்பாச் சொல்லிட்டேன். ஹின்சனத் திருப்பிக் கூப்பிடுங்க.”

வைஸ் பரிவோடு சிரித்தார். “வெண்டல், ரசிகர் தப்பே செய்ய மாட்டார். அது எங்க கொள்கை.”

“அப்ப நான் இப்ப சொல்றதும் சரிதானே?”

“இப்ப நீங்க ரசிகரா பேசல. குற்ற உணர்ச்சியோட பேசறீங்க. அதுக்கு வேற குழு.”

“அது எங்க இருக்கு?”

“இன்னும் அமைக்கல. சரி, அடுத்து யாரத் தூக்கலாம்?”

அன்று கொட்டிலிலிருந்து இரண்டு பேர் போனார்கள். வெண்டல் கை தூக்கவில்லை. ‘ஏகமனதாக நிறைவேறியது, ஓர் உறுப்பினருக்குத் தோள்வலி’ என்று அறிவித்தார்கள்.

ஆகஸ்டில் கொட்டில் காலியானது. பால் கொடுக்கக்கூட ஆளில்லை. வலது மூலையில் பந்து பொறுக்குகிறவரை எறியவிட்டார்கள். அவர் எறிந்த முதல் பந்து எதிரணிப் பயிற்சியாளரின் காபிக் கோப்பையில் விழுந்தது. அன்றைக்கு அவர் எறிந்ததில் அதுதான் நல்ல பந்து. ஆட்டம் முடிந்தபோது எதிரணியின் ஓட்டங்களைக் காட்டப் பலகையில் இடம் போதவில்லை.

மறுநாள் வைஸ் வானொலியில் பேசினார். குரலில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. “எறிதல் பிரிவு முழுக்க ரசிகர்களோட ஆலோசனப்படிதான் நடந்துச்சு. குறிப்பா சைலன்சர் கடை வெண்டல். நாங்க செவிமடுத்தோம். அது ஒண்ணுதான் எங்க தப்பு.”

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் தன் இடத்தில் உட்கார்ந்ததும் எங்கோ ஒரு குரல் கிளம்பியது. “ஓபர்மேயரைத் தூக்கு!” இரண்டாவது ஆட்டச்சுற்றுக்குள் மைதானமே சேர்ந்துகொண்டது. கோஷத்துக்குத் தாளம் கச்சிதமாக இருந்தது. அது அவரே பழக்கிவிட்ட தாளம். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு வரிசை பின்னால் டோரீன் எழுந்து இடம் மாறி உட்கார்ந்திருந்தார், பச்சைத் தொப்பிக்காரி உட்கார்ந்த நாற்காலியில். அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு அவசரமாகக் கூடியது. வெண்டலை நீக்குவது குறித்து வாக்கெடுப்பு. எல்லாக் கைகளும் உயர்ந்தன, வெண்டலின் கையும்தான். உண்மையிலேயே ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வைஸ் கைகுலுக்கினார். “உங்க சேவைக்கு நன்றி, திரு. ஓபர்மேன்.”

வைஸுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட வேண்டாம். ‘பொறுப்பைப் பகிர்ந்தளித்ததற்காக’ அவருக்குப் பாராட்டு விழா நடந்தது, பதவி நீட்டிக்கப்பட்டது, பதவியின் பெயரும் இன்னும் இரண்டு சொல் நீண்டது. ஹின்சனைப் பற்றி டோரீன்தான் விசாரித்துச் சொன்னார். ஏரிக்கரையில் அவர் தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தார்களாம். பிறகு எறிந்தாராம். பிரமாதம் என்று சொல்ல முடியாதாம். ஆனால் எல்லோருக்கும் பெயர் தெரியுமாம்.

கோடை முடிகிற வாரத்தில் ‘ரசிகர் நேரம்’ நடத்தும் ரிக், வானொலி நிலையத்திலிருந்து கடைக்கு ஃபோன் செய்தார். இவ்வளவு நாள் வெண்டல் சத்தத்தையே காணோமே, நேயர்கள் கேட்கிறார்களே என்றார்.

“சொல்லுங்க வெண்டல், நம்ம நாரைகளுக்கு என்னதான் பிரச்சின? இன்னமும் எறிதல்தானா?”

வெண்டல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“எறிதல்ல நம்மள மிஞ்ச உலகத்துலயே ஆள் இல்ல ரிக். பந்த எறியத்தான் ஆள் கிடையாது. ஆள எறியறதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, ஒரு குழு இருக்கு, மைதானம் நெறய நாங்க இருக்கோம். ஒருத்தருக்கும் இதுவரைக்கும் குறி தப்புனதே இல்ல.”