உடுக்கைக்கு வைத்த விபூதி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் எங்கள் தெருவில் ராக்கெட் மருந்தைத் தொட்டவள் நான் ஒருத்திதான்! (எரியாத மாதிரித் துண்டுதான், பயப்படாதீர்கள்.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மணலிப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் பெருக்குகிற வேலை. ராக்கெட் மருந்து என்றால் உப்புத் தூளை ரப்பரில் பிசைந்து கெட்டியாக்கினது. எங்கள் கம்பெனி என்ஜினீயர் லதா மேடத்தின் கலவையை, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கின துண்டாக வெட்டி, மெஷினில் மாட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். அளவு மீறினால் ரப்பர் உப்பை விட்டுவிடும். அந்த இடம் வெள்ளையாகப் பூக்கும். சீக்கிரம் பூத்தால் கலவை தோற்றது. அந்த விரிசலில் நெருப்பு புகுந்தால் ராக்கெட்டே வெடிக்குமாம்.

அன்றைக்குப் புது மெஷினில் முதல் இழுப்பு. ஆர்டர் கொடுக்க ராக்கெட் ஆபீசிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஆர்டர் போனால் லதா மேடத்தின் வேலையும் போகும்.

மெஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது என்னை. வைத்தேன். பக்கத்துத் தட்டில் கறுப்பாக உடுக்கை. சிவன் கையில் இருக்கிறதை வெறுமனே விடலாமா? விபூதியைக் குழைத்து அதன் இடுப்பில் மூன்று விரலால் ஓர் இழுப்பு. (ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் பளிச்சென்று வரும்.)

அதையே மாட்டினார்கள். மெஷின் உறுமியது. துண்டு கொஞ்சம்தான் நீண்டிருக்கும், விபூதி காய்ந்துவிட்டது.

"இன்னா மேடம், இப்பத்தான் இஸ்க்க ஆரம்பிச்சிது, அதுக்குள்ள வெளுத்துகினு கீது?" என்றார் ஃபோர்மேன் மாணிக்கம்.

லதா மேடத்தின் முகம் அதைவிட வெளுத்தது. பெரியவர் பேனாவை மூடிவிட்டார். நானோ ஆம்பளைகள் எதிரில் வாய் திறக்காதவள். (என் கல்யாணத்திலேயே தலையாட்டியதோடு சரி.) மேடம் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சார், அது வெளுக்கல சார். விபூதி. நான்தான் வெச்சேன்."

மெஷினை நிறுத்தினார்கள். பெரியவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "எந்தக் கோயில் விபூதிம்மா?"

"நம்ம திருவொத்தியூரு சார்."

அந்த விரலை அப்படியே தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, "வேற துண்டு மாட்டுங்க. இந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த துண்டு நீண்டது, நீண்டது, அப்படி நீண்டது! வெளுக்கவேயில்லை. பெரியவர் மறுபடியும் பேனாவைத் திறந்தார். மேடம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாணிக்கம் மட்டும் விபூதிச் சம்புடத்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார்.

இன்றைக்கும் வீட்டில் எதை வாங்கினாலும் விபூதியோடு நான் வருவதைப் பார்த்து என் மகள் சொல்லுவாள்: "இத யாரும் இஸ்து பாக்கப் போறதில்லம்மா, தாராளமா வை."

ரப்பர், உப்பு சங்கதியில் தப்பிருந்தால் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். விபூதி சங்கதிக்கு நானே சாட்சி.